ஸ்வர ஏடு எழுதும் கணினி

தேவாலயப் பாடற்குழுவினர், காவற்படையின் பாண்டு வாத்தியக்காரர், திரைப்பட இசைக்கூடத்திலே வயலின் வாசிப்போர் ஆகிய இவர்கள் அனைவருக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அது அவர்கள் முன் தாங்கியில் விரிந்திருக்கும் ஸ்வர ஏடு. ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் குறிகளை இட்டு எழுதும் அந்த ஐரோப்பிய முறை நம் நாட்டிலும் நன்கு வேரூன்றிவிட்டது. முன்னாளில் ஏடுகளைக் கையாற் பெயர்த்தெழுதினார்கள். இன்று கணினியில் எழுதி அச்சிடுகிறார்கள். அதற்கு எந்த மென்பொருளைத் தெரிந்தெடுப்பது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

நாம் அறிந்த பாடற்குழு ஒன்றின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அக்குழுவின் ஆசிரியர் நான்கு குரல்களுக்கு அமைத்த பாடல்களையெல்லாம், விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்திருந்தார். ஒருநாள் கணினி பழுதாயிற்று. கோப்புகளின் நகல் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அவற்றைத் திறக்க வேண்டிய மென்பொருளோ பழைய பதிப்பு. புதிய கணினியில் இயங்க மறுத்துவிட்டது. புதிய பதிப்பு வாங்கக் குழுவிடம் பணம் இல்லை. பென்சிற் குறிகள் மண்டிக் கிடந்த அச்சுத் தாள்களைப் பார்த்து ஒவ்வொரு பாடலையும் மறுபடி எழுதினார்கள். இரண்டு பாடல்களுக்குத் தாளும் அகப்படவில்லை. பழைய பாடகர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

இஃது ஒரு குழுவின் கவலை மட்டுமன்று. 1988-ல் வெளிவந்து, இசை அச்சிடுவோரிடையே பெரும் பெயர் பெற்றிருந்த ஃபினாலே என்னும் மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனமே அறிவித்தது. வாழ்நாள் உழைப்பை அதில் இட்டு வைத்தவர்கள் எவ்வளவு திகைத்திருப்பார்கள்! நம் சங்கீதத்தை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி, சென்னையில் 1893-ல் சின்னசாமி முதலியார் அச்சேற்றினார். அக்குறியீட்டை அறிந்த எவரும் அந்தத் தாளை இன்றும் படிக்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கணினிக் கோப்புக்கு அந்தப் பாக்கியம் தானாக வாய்ப்பதில்லை.

ஆகவே, ‘இலவசம்’ என்பதையும் ‘கட்டற்றது’ என்பதையும் வேறு பிரித்து அறிய வேண்டும். இலவசமாகக் கொடுத்ததை நாளை நிறுத்திவிடலாம். கட்டற்ற மென்பொருளிலோ அதன் மூல நிரலே வெளிப்படையாக இருக்கிறது. ஆக்கியோன் கைவிட்டாலும், வேறொருவர் எடுத்து வளர்க்க உரிமை உண்டு.

இவ்வகையில் மியூஸ்கோர், லிலிபாண்ட் என்னும் இரண்டும் சிறந்தவை. மியூஸ்கோரில் திரையிலேயே கோடுகள் தோன்றும். விசைப்பலகையாலோ சுட்டியாலோ ஸ்வரங்களை இட்டுக்கொண்டு போகலாம். எழுதியதை அது வாசித்தும் காட்டும். பிழை காதுக்கு உடனே தெரிந்துவிடும். கிளாரினெட் போன்ற வாத்தியங்களுக்கு ஒலிப்பதைவிட உயர்த்தி எழுத வேண்டிய சங்கடத்தைத் தானே கவனித்துக்கொள்ளும். அதே பெயர் தாங்கிச் சந்தா கேட்கும் இணையதளம் ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு, பலர் மயங்குகிறார்கள்.

லிலிபாண்டின் போக்கு தனி. டச்சுக்காரர் இருவர் 1996-ல் தொடங்கியது. அதில் ஸ்வரங்களை எழுத்தாலும் எண்ணாலும் வெறும் உரையாகவே தட்டச்சுச் செய்ய வேண்டும். ஸ்வரத்தின் பெயர் எழுத்து. அதன் கால அளவு எண். பிறகு கணினி அதைப் படித்துப் பக்கமாக அமைத்துத் தருகிறது. முதல் வாரம் எரிச்சலூட்டும் என்பதை மறைப்பானேன்? ஆனால் வெளிவரும் பக்கம் கண்ணுக்கு விருந்து. முற்காலத்தில் ஈயக் கலப்புத் தகடுகளிலே குறிகளை இடவலம் மாற்றி அடித்துப் பதித்த கைவினைஞர்கள், ஸ்வரங்களின் இடைவெளியை ஒரு கலையாகவே பயின்றிருந்தார்கள். இரண்டு மடங்கு காலம் நீளும் ஸ்வரத்துக்கு இரண்டு மடங்கு இடம் விடமாட்டார்கள். அதனினும் சற்றுக் குறைவாகவே விடுவார்கள். அந்த நுட்பத்தை ஆராய்ந்து நிரலாக்கியதே லிலிபாண்டின் பெருமை. உரைக்கோப்பு என்பதால் மென்பொருளே இல்லாதபோதும் உள்ளே இருப்பதைக் கண்ணால் வாசிக்கலாம்.

குழுவாக வேலை செய்வோர்க்கும் அவசரக்காரர்க்கும் மியூஸ்கோரே ஏற்றது என்பது நம் கருத்து. பொறுமையுடன் நூலாக அச்சிட விரும்புவோர் லிலிபாண்டை நாடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பொதுக் கோப்பு முறை உண்டு. ஸ்வரமும் சாகித்தியமும் அதில் பெரும்பாலும் சேதமின்றிப் போய்ச் சேரும். பக்க அமைப்பு மட்டும் கலைந்துவிடும். லிலிபாண்டுக்குள் கொண்டுவருவது எளிது, வெளியே எடுப்பது கடினம் என்பதையும் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

மென்பொருள் கட்டற்றதாயிருப்பதால் பாடலும் கட்டற்றதாகிவிடாது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

தமிழ்ச் சாகித்தியம் எழுதுவோர்க்கு ஒரு வார்த்தை. ஸ்வரத்தின் கீழே சொற்களைப் பிரிக்கும்போது எழுத்தெழுத்தாகப் பிரிக்கலாகாது. புள்ளியெழுத்துக்குத் தனி ஸ்வரம் ஏது? ‘கண்ணன்’ என்பது ‘கண்’, ‘ணன்’ என்று இரண்டு ஸ்வரங்களின் கீழ் அமைய வேண்டும். எந்த மென்பொருளை எடுத்தாலும், அதில் தமிழ் எழுத்து சிதையாமல் அச்சாகிறதா என்று ஒரு பக்கம் எழுதிச் சோதித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

நாம் குறிப்பிட்ட பாடற்குழு இப்போது மியூஸ்கோரில் எழுதுகிறது. ஒவ்வொரு பாடலையும் மூலக் கோப்பாகவும், மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பாகவும், அச்சிடத்தக்க பக்கமாகவும் மூன்று வடிவில் சேமித்து, குழுவில் இருவர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஐந்து கோடுகளின் மொத்த உயரத்தை 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டதில், மூக்குக்கண்ணாடி அணிந்த டெனார் பாடகர்களுக்குத்தான் பெருமகிழ்ச்சி.