கம்பக் குழி வெட்டுவோரின் உயிரும் உடலும்

(கம்பம் நடும் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதற்காக இந்தக் கூட்டம் கூட்டப்பட்டிருக்கிறது. கூலியைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். ஆனால் அந்தக் கூலியை வாங்கும் கை முழுசாக இருக்க வேண்டும். முதுகு நிமிர வேண்டும். காலையில் போனவன் மாலையில் வீடு திரும்ப வேண்டும். ஆகவே, கடப்பாரையிலிருந்து தொடங்குகிறேன்.

நமது வேலையைப் பற்றி வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. கம்பத்தின் மேலே ஏறுகிற ஒயர்மேனுக்குத்தான் ஆபத்து. கீழே நின்று குழி வெட்டுகிறவனுக்கு என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். நம்மிலேயே சிலர் அப்படி நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஒரு குழியின் கணக்கு

கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 9 மீட்டர் கம்பமென்றால் ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி ஆழம். குழியின் அகலம் 2 அடி என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து வெளியே வரும் மண்ணின் எடை சுமார் 650 முதல் 700 கிலோ. ஈர மண்ணானால் இன்னும் கூடும். ஒரு நாளில் 5 குழி வெட்டுகிற ஜோடி மூன்றரை டன் மண்ணைப் பெயர்த்து, தூக்கி, வெளியே கொட்டுகிறது. ஒரு கவ்வலுக்கு 4 கிலோ மண் வருகிறதென்று வைத்தாலும், ஒரு குழிக்கு 160, 170 தடவை குனிந்து நிமிர வேண்டும். இவ்வளவு உழைப்பு அந்தக் குழிக்குள் இருக்கிறது. காண்ட்ராக்டர் இதைத்தான் "சும்மா குழிதானே" என்கிறார்!

கருவி சரியாக இருக்க வேண்டும்

காலையில் வேலை தொடங்குமுன் கருவியைப் பாருங்கள். இரண்டு பிடியுள்ள குழிதோண்டியில் மரப்பிடி விரிசல் விட்டிருக்கிறதா, இரண்டு தகடுகளையும் சேர்க்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, தகட்டின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழுங்கிய கருவி மண்ணுக்குள் இறங்காது. அதை இறக்க உங்கள் தோள்தான் விலை கொடுக்கும். விரிசல் விட்ட பிடியில் கயிறு சுற்றி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். முறியும்போது அது உள்ளங்கையைத்தான் கிழிக்கும்.

அந்தந்தக் கருவிக்கு அதனதன் வேலை உண்டு. இரண்டு பிடிக் குழிதோண்டி மண்ணைக் கவ்வி எடுப்பதற்கானது. கல்லை உடைப்பதற்கானது அல்ல. சுக்கான் பாறையோ வேரோ தட்டுப்பட்டால், அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். சுற்றித் துளைக்கும் ஆகர் வேரில் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இடுப்பு பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றி விடுவித்து, வேரை வெட்டிய பிறகு தொடருங்கள்.

வெட்டும் முறை

கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி நில்லுங்கள். பிடிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நேராக இறக்குங்கள். கருவியின் எடையே பாதி வேலையைச் செய்யும். பிறகு பிடிகளை அகட்டினால் தகடுகள் மண்ணைக் கவ்வும். பிடிகளுக்கு நடுவே விரலை விடக்கூடாது. தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள், முதுகால் தூக்காதீர்கள். மண்ணைக் கொட்டும்போது இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். வயது இருபதில் இடுப்பு எதையும் தாங்கும். அந்தக் கணக்கை அது நாற்பதில் தீர்க்கும்.

மண் இறுகிக் கிடந்தால் முதல் நாள் மாலையே குறி போட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பது நல்லது. காலையில் பாதிக் கஷ்டம் குறையும்.

மூன்று அடிக்குக் கீழே போனதும் சாதாரண இரண்டு பிடிக் கருவி உதவாது. பிடியை அகட்டக் குழியின் வாயில் இடம் போதாது. விரல் நசுங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அதற்குமேல் நீளப் பிடியுள்ள கருவி வேண்டும், அல்லது குழியின் வாயை அகலமாக வெட்ட வேண்டும். இரண்டுக்கும் காண்ட்ராக்டர் சம்மதிப்பதில்லை. அதனால் நமது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு, கையால் மண்ணை அள்ளுகிறார்கள். தோழர்களே, இதைச் செய்யாதீர்கள்! ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மணலோ மழையில் ஊறிய மண்ணோ சரிந்தால், தலைகீழாக இருப்பவன் கத்தக்கூட முடியாது. ஓரம் சரியாமலிருக்க, வெட்டிய மண்ணைக் குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்டுங்கள். மண் அள்ளிப் போடும் பெண் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வெயிலும் ஓர் எதிரிதான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தலை சுற்றுகிறது, வியர்வை நின்றுவிட்டது, பேச்சுக் குழறுகிறது என்றால் அது சோம்பலல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மண்ணுக்குள் இருப்பது

நகரத்தில் வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. மண்ணுக்குள் மின்சாரக் கேபிள் போகிறது. காஸ் குழாய் போகிறது. தண்ணீர்க் குழாய் போகிறது. இரும்புக் கடப்பாரை உயிருள்ள கேபிளைக் குத்தினால் தீப்பிழம்பு எழும்பும். வெட்டும்போது ஆற்று மணல், வரிசையாகச் செங்கல், எச்சரிக்கை நாடா இவற்றில் ஏதாவது தென்பட்டால், கீழே கேபிள் இருக்கிறது என்று பொருள். கடப்பாரையை நிறுத்துங்கள். மேஸ்திரி என்ன சொன்னாலும் நிறுத்துங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும்.

குழி வெட்டுமுன் கீழே என்ன இருக்கிறதென்று விசாரிப்பதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யு டிக்" என்ற மொபைல் செயலியைத் தொடங்கியது. கேபிளும் குழாயும் சேதமாகி நஷ்டம் ஏற்படக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. நல்லது. கேபிளைக் காக்கிற அதே விசாரணை, கடப்பாரை பிடித்தவனையும் காக்கும். "பதிவு செய்துவிட்டீர்களா? இங்கே என்ன போகிறது?" என்று குறி போடும்போதே கேளுங்கள்.

கம்பம் வராத குழியைத் திறந்து போட்டுவிட்டு வராதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்து ஒரு குழந்தை இறந்ததை நாடே பார்த்தது. 5 அடிக் குழியில் மழைத் தண்ணீர் நின்றால், ஒரு குழந்தைக்கு அதுவும் கிணறுதான். மூடுவதற்குப் பலகை கொடுப்பது காண்ட்ராக்டரின் பொறுப்பு.

"உன் கவனக்குறைவு" என்ற வாதம்

இவ்வளவும் நமக்குத் தெரியாததா? பெரும்பாலும் தெரியும். பிறகு ஏன் செய்வதில்லை? குழிக் கணக்குக் கூலிதான் காரணம். குழிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், தண்ணீர் குடிக்கும் நேரமும், போல்ட்டை முறுக்கும் நேரமும் நமது கூலியிலிருந்து போகிறது. மேஸ்திரி விரட்ட வேண்டியதில்லை. நம்மை நாமே விரட்டிக் கொள்கிறோம். 1867-ல் வெளிவந்த "மூலதனம்" முதல் பாகத்தில் மார்க்ஸ் இந்தக் கூலி முறைக்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். இந்த முறையில் தொழிலாளி தன்னைத்தானே முடுக்கிக் கொள்கிறான், அது முதலாளிக்கு லாபம் என்று அதில் விளக்கியிருக்கிறார். நமது குழியில் அதை நாம் தினமும் பார்க்கிறோம்.

இப்படி அவசரப்படுத்திவிட்டு, விபத்து நடந்ததும் "உன் கவனக்குறைவு" என்பார்கள். இதற்குப் பயப்படாதீர்கள். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால், சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்க 1923-ம் வருஷச் சட்டமே இடம் தரவில்லை. காண்ட்ராக்டர் கைவிரித்தால், வேலையை அவரிடம் விட்ட பிரதான முதலாளியே பொறுப்பு என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம், எதிர்த்துப் போராடுகிறோம். ஆனால் இந்த இரண்டு பொறுப்புகளும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கின்றன. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றதை அவர்களால் முழுவதும் அழித்துவிட முடியவில்லை.

ஆனால் உரிமை கேட்க அத்தாட்சி வேண்டும். அன்றைய வருகைப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். எந்த இடம், யாருடைய வேலை என்று எழுதச் சொல்லுங்கள். கூட இருந்தவர் சாட்சி சொல்லப் பின்வாங்கக் கூடாது. இன்று அவன், நாளை நாம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே, கூலிக் கோரிக்கையோடு இவற்றையும் சேர்த்து வைப்போம். குழிக் கணக்கு ஒழிந்து நாள் கூலி வேண்டும். அதுவரை பாறைக் குழிக்குத் தனிக் கூலி வேண்டும். கருவியும், கையுறையும், கனமான பூட்ஸும், கண்ணாடியும் காண்ட்ராக்டர் செலவில் தரப்பட வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு பேர். தனி ஆளை அனுப்பக் கூடாது. நடுப்பகல் வெயிலில் கூலிப் பிடித்தமில்லாத ஓய்வும், வேலையிடத்தில் குடிதண்ணீரும் வேண்டும். கீழே கேபிள் இல்லை என்று எழுத்தில் சொன்ன பிறகே கடப்பாரை இறங்கும்.

இவை சலுகைகள் அல்ல. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜெனிவாவில் ஏற்றது நமது குழிக்குத் தானாக வந்து சேராது. கொண்டுவந்து சேர்க்க வேண்டியது சங்கம்.

தனி ஆளாக நின்று "கையுறை கொடு" என்றால், நாளைக்கு வேலை இல்லை என்பார்கள். எல்லாக் கடப்பாரைகளும் ஒரே நாளில் கீழே வைக்கப்பட்டால், எந்தக் கம்பமும் தானாக எழுந்து நிற்காது. நாளைக் காலை வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு தோழரைத் தேர்ந்தெடுங்கள். கருவியையும், வருகைப் பதிவையும், குழி மூடியிருப்பதையும் அவர் பார்க்கட்டும். அவர் "நிறுத்து" என்றால் எல்லோரும் நிறுத்துங்கள். சங்கத்தின் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!