நிழல் மரமும் உயிர்க் கயிறும்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவையை நோக்கிச் செல்லும் வீதியில், காசல்றீ நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் அமைந்துள்ளது நோர்வூட். அவ்வூரைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலைச் செடி இடுப்பளவுக்கு மேல் வளர்வதில்லை. அச்செடிகளின் இடையிடையே உயர்ந்து நிற்பவை நிழல் மரங்கள். கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றிப் பேசியோர் பலர், பாடியோரும் உளர். நிழல் மரத்தின் உச்சியில் நின்று கொப்பு வெட்டும் தொழிலாளியை நினைப்போர் மிகச் சிலரே. அவனுடைய உயிரைத் தாங்கும் கயிற்றைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நிழல் மரங்களுள் தலையாயது கிரவில்லியா. மலையகத்தார் பலர் அதனைச் சவுக்கு என்றே வழங்குவர். அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி அதன் தாயகம். காற்றின் வேகத்தைத் தடுத்தும், வெயிலைத் தணித்தும், உதிர்ந்த இலையால் மண்ணை வளப்படுத்தியும் அம்மரம் தேயிலைக்குத் துணை நிற்கின்றது. எனினும், அளவுக்கு மிஞ்சிய நிழல் தீமையே பயக்கும். 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. ஈரம் உலராத இளந்தளிரிலேயே அந்நோய்ப் பூஞ்சணம் எளிதில் முளைக்கும். ஆதலால் தென்மேல் பருவமழை இறங்குமுன் மரத்தின் கொப்புகளைக் குறைத்து, ஒளியும் காற்றும் செடிக்கு எட்டுமாறு செய்தல் வேண்டும். லயத்தின் கூரைமேல் சாய்ந்த கிளைகளையும், வீதியோரத்து யூக்கலிப்டஸ் மரங்களின் பட்ட கொப்புகளையும் காற்றுக்காலம் வருமுன்னரே அகற்றுதல் வேண்டும். இவ்வேலைகளை எல்லாம் தரையில் நின்று செய்தல் இயலாது. ஒருவர் மரத்தில் ஏறியே ஆக வேண்டும்.

அவர் எவ்வாறு ஏறுகின்றார்? வெறுங்காலோடும், இடுப்பில் செருகிய கத்தியோடும் ஏறும் வழக்கம் மலைநாட்டில் நெடுங்காலமாக உண்டு. கயிறு இருப்பினும் அது வெட்டிய கொப்பைக் கட்டி இறக்குவதற்கேயன்றி, ஏறியவரைக் காப்பதற்கு அன்று. காலைப் பெரட்டுக் களத்தில் இளைஞன் ஒருவன், "அண்ணே, கயிறைக் கட்டிக்கிட்டு ஏறுங்க" என்று சொன்னால், "இருபது வருஷமா ஏறுறேன் தம்பி, கயிறா என்னைக் காப்பாத்துச்சு?" என்று மூத்தவர் சிரிப்பது இயல்பு. அச்சிரிப்பில் தொழிற்பெருமை உண்டு. அதனை எவரும் இகழ்தல் ஆகாது. ஆயினும், இருபது ஆண்டுகள் விழாதிருந்தமை இருபத்தோராம் ஆண்டில் விழமாட்டார் என்பதற்குச் சான்றாகாது. கிரவில்லியாவின் கொப்பு எளிதில் முறியும் இயல்புடையது. மூடுபனியில் நனைந்த பட்டையோ வழுக்கும். தேர்ந்த கையும் ஒருநாள் தவறலாம். அந்த ஒரு நாளுக்காகவே கயிறு வேண்டப்படுகின்றது.

இனி, எக்கயிறு தகுதியானது என்று நோக்குவோம். வீட்டுக்கு வீடு கிடைப்பது தேங்காய் நார்க்கயிறு. ஆட்டைக் கட்டவும் விறகைச் சுமக்கவும் அது போதும். ஆளைத் தாங்க ஆகாது. நோர்வூட் போன்ற ஈரம் மிகுந்த ஊரில் இயற்கை நார் உள்ளிருந்தே உளுத்துப்போகும். வெளித்தோற்றம் அதனைக் காட்டாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற, பச்சை நிறப் பொலிப்ரொப்பிலீன் கயிறும் ஏற்றதன்று. வெயிலில் கிடந்தால் அது நொய்ந்துவிடும்; உராய்வின் சூட்டில் விரைவில் உருகவும் செய்யும்.

மரமேறுதற்கென்றே செய்யப்படும் கயிறுகள் நைலோனாலும் பொலியெஸ்டராலும் ஆனவை. பளுவைத் தாங்கும் அகக் கயிறும், அதனைக் காக்கும் பின்னல் உறையுமாக அவற்றுட் பல அமைந்திருக்கும். பதினொன்று முதல் பதின்மூன்று மில்லிமீற்றர் விட்டமுடையது கைப்பிடிக்கு வாய்ப்பானது. ஈ.என். 1891 என்னும் ஐரோப்பியத் தரத்தில் ‘ஏ’ வகைக் கயிறு ஏறத்தாழ 2,200 கிலோகிராம் பளுவுக்கு ஒப்பான இழுவையைத் தாங்குதல் வேண்டும். ஒரு மனிதனுக்கு இத்துணை வலிமை எதற்கு என்று வினவலாம். முடிச்சு ஒன்று இட்ட மாத்திரத்திலேயே கயிற்றின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். ஈரம், தேய்வு, திடீர்க் குலுக்கு ஆகியவை மேலும் குறைக்கும். மிகுதி என்று தோன்றுவது உண்மையில் மிகுதியன்று. மலையேறுவோர் பயன்படுத்தும் மிகுதியாக நீளும் கயிறும் இவ்வேலைக்குப் பொருந்தாது. அது விழுகின்றவரைத் தாங்குதற்கு அமைந்தது. மரத்தொழிலாளியோ எப்பொழுதும் கயிற்றில் அமர்ந்தே வேலை செய்பவர்.

கயிற்றுக்கு அடுத்தது உடற்கச்சை. இடுப்பை மட்டும் சுற்றிய பட்டியில் தொங்கினால் முதுகெலும்பும் வயிறும் நோகும். தொடைகளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும் கச்சையே வேண்டும். அதனை வாங்குமுன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சிறிது நேரம் தொங்கிப் பார்த்தல் நல்லது. உடலுக்குப் பொருந்தாத கச்சை விலையுயர்ந்ததாயினும் பயனற்றது. கச்சையையும் கயிற்றையும் இணைக்கும் உலோகக் கொளுவி தானே பூட்டிக்கொள்வதாய், மூன்று அசைவுகளால் அன்றித் திறவாததாய் இருத்தல் வேண்டும். மாடு கட்டும் வளையமும் வண்டிக் கொக்கியும் இங்கு உதவா. தாடைப்பட்டியுள்ள தலைக்கவசமும், அடி வழுக்காத சப்பாத்தும் உடன் வேண்டப்படுவன. பாதத்தில் கட்டும் இரும்பு முள்ளை, வீழ்த்தப்படும் மரத்துக்கே பயன்படுத்துதல் தகும். உயிரோடு நிற்க வேண்டிய நிழல் மரத்தில் அது புண் உண்டாக்கும். புண்வழியே நோய் புகும்.

கருவியைப் பெற்றபின் அதனை அமைக்கும் முறை உண்டு. முதலில் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தல் வேண்டும். அடியில் காளான் முளைத்துள்ளதா, தண்டில் பொந்து உண்டா, பட்ட கொப்பு தொங்குகின்றதா, மின்கம்பி அருகில் செல்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். மலையகத்தார் மறவாது பார்க்க வேண்டியது மற்றொன்று, அது குளவிக்கூடு. தரையில் நிற்கும் கொழுந்துக்காரிக்கேனும் ஓடுதற்கு வழியுண்டு. கயிற்றில் தொங்குபவருக்கு அதுவும் இல்லை.

பின்பு, சிறு எடைப்பை கட்டிய மெல்லிய நூலைத் தண்டுக்கு அணித்தான வலிய கவையின்மேல் எறிந்து, அந்நூலைக் கொண்டு ஏறுகயிற்றை இழுத்தல் வேண்டும். கவை உயிருள்ளதாய்ப் பருமனாய் இருத்தல் வேண்டும். கொப்பின் நுனியை நம்புதல் ஆகாது. தரையில் நின்று இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கி இழுத்துப் பார்த்த பின்னரே ஒருவர் ஏறலாம். பட்டையின்மேல் கயிறு நேரே உராயாதவாறு, இரு வளையங்கள் கொண்ட பட்டியொன்றைக் கவையில் அமைத்தால் மரமும் தேயாது, கயிறும் தேயாது.

கவைமேல் சென்று திரும்பும் கயிற்றின் ஒரு முனை கச்சையில் கட்டப்படும். மறுபுறத்தைச் சறுக்கு முடிச்சொன்று பற்றி நிற்கும். பளு விழுந்தால் இறுகுவதும், தளர்த்தினால் நகர்வதும் அம்முடிச்சின் இயல்பு. ஒஸ்திரியா நாட்டு மலையேறி கார்ல் புருசிக் என்பவர் 1931ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய முடிச்சு இவ்வகையைச் சேர்ந்தது. விரைந்து இறங்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக் கயிறு கருகும். ஆகவே இறக்கம் நிதானமாய் அமைதல் வேண்டும். கயிற்றின் தொங்கும் முனையிலும் தடைமுடிச்சு இடுதல் கட்டாயம். வாளோ கத்தியோ ஓங்குமுன், தண்டைச் சுற்றி இரண்டாம் பிணைப்பொன்றை இட்டுக்கொள்ளல் வேண்டும். ஒரு பிணைப்பைத் தவறுதலாக வெட்டினாலும் மற்றது காக்கும்.

தனியே ஏறுதல் எக்காலத்தும் ஆகாது. மயங்கிக் கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் குருதியோட்டம் தடைப்படும். விரைவில் இறக்காவிடில் உயிருக்கே இடராகும். அதனால் ஏறி மீட்க அறிந்த மற்றொருவரும், இன்னொரு கயிறும் கச்சையும் மரத்தடியில் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் கயிற்றைக் கையால் உருவி, உறை கிழிந்த இடமும் உள்ளே மெலிந்த இடமும் உண்டா என ஆராய்க. மண் படிந்தால் தூய நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. மழைநாளில் லயத்து அடுப்பின் மேற்பரணில் போடும் வழக்கம் ஆகாது. சூடு நூலைக் கெடுக்கும். பெற்றோலும், பற்றரியின் அமிலமும் அண்டாத இடத்தில் வைத்தல் நலம். ஐயத்துக்கிடமான கயிற்றை அன்றே வெட்டி எறிக. முழுமையாய் விட்டுவைத்தால் மறுநாள் மற்றொருவர் அதனைக் கட்டிக்கொண்டு ஏறுவார்.

இவ்வளவும் யார் செலவு, யார் நேரம் என்ற வினா எஞ்சுகின்றது. கச்சையும் கயிறும் நாட்கூலிக்காரர் தம் பணத்தில் வாங்கத்தக்கன அல்ல. அவற்றைத் தருதல் தோட்ட நிருவாகத்தின் கடமை. அவற்றை அமைப்பதற்குச் செல்லும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடல் வேண்டும். வெட்டிய மரங்களின் எண்ணிக்கைக்கே பேர் போடுவதாயின், மிகச் சிறந்த கயிறும் களஞ்சியத்திலேயே தூங்கும். பசி மனிதனை வெறுங்கையோடு ஏற்றிவிடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விழுந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஈடு வழங்க வழி செய்கின்றது. ஈடு என்பது இழந்த பின் வருவது. கயிறோ இழவாமற் காப்பது.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், கொப்பின் நுனிவரை ஏறியவனை உவமையாக எடுத்தாண்டார். தன் வலிமையை மட்டுமன்று, தான் மிதிக்கும் கொப்பின் வலிமையையும் தன்னைத் தாங்கும் கயிற்றின் வலிமையையும் அறிந்தவரே மாலையில் லயத்துக்கு நடந்து வருவார். அவர் வரும் வழியை நோக்கி வாசலில் நிற்கும் குழந்தைக்கு அதனினும் பெரிய செல்வம் வேறில்லை.