மலைநாட்டுச் சிறுவரும் மடிக்கணினியும்

மலையகப் புகையிரதப் பாதையின் இறுதி நிலையம் பதுளை. 1924ஆம் ஆண்டில் இரும்புப் பாதை அங்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் பசறை, லுணுகலை, நமுனுகுலை எனத் தேயிலை மலைகள் தொடர்கின்றன. புதுப்பொருள் எதுவாயினும் அந்த மலைகளில் சற்றுத் தாமதித்தே ஏறும். மடிக்கணினியும் அப்படித்தான்.

ஏழைச் சிறுவர்க்கென ஒரு மடிக்கணினியை 100 டொலருக்கு ஆக்கித் தருவதாக நிக்கலஸ் நெக்ரொபொன்டி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் அறிவித்தார். 2007இல் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 200 டொலர். சொன்ன விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இத்தகைய உறவை நம்மூர்ச் சந்தைக்குப் போய் வருவோரும் அறிவர். 2009இல் உலக வங்கியின் உதவியோடு இலங்கையின் சில ஆரம்பப் பாடசாலைகளிலும் இக்கணினி பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது.

பச்சையும் வெள்ளையுமான அச்சிறு பெட்டியின் அமைப்பு கருதத்தக்கது. தூசியும் ஈரமும் புகாதபடி அதன் விசைப்பலகை இறப்பர்த் தகட்டால் மூடப்பட்டிருக்கும். கடும் வெயிலிலும் திரையை வாசிக்கலாம். முயற்காதுகளைப் போன்ற இரு உறுப்புகளை முதலில் நிமிர்த்தினாலன்றி மூடி திறவாது. பெரியோர் பலர் இவ்விடத்திலேயே தடுமாறினர். சிறுவரோ விளையாட்டுப்போல் திறந்துவிட்டனர். திரையின் நடுவே ஒரு சிறு மனித உருவம். அதனைச் சுற்றி எழுத, வரைய, இசைக்க உரிய குறிகள். செய்த வேலையைச் சேமிக்கும்படி பிள்ளைக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாட்குறிப்பு ஒன்றில் அது தானாகவே பதிவாகிவிடும்.

ஆயினும், தமிழ்ப் பிள்ளை எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘கொடி’ என்று கையால் எழுதுகையில் கொம்பை முதலில் இட்டு, பின்பு ககரத்தையும் காலையும் எழுதுகிறோம். கணினியின் உள்ளேயோ ககரமே முன்னிற்க, ஒகரக் குறி அதன் பின்னே வருகிறது. எந்த விசையை முதலில் அழுத்துவது என்பதும் விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறுபடும். தமிழ்நாட்டில் 1999இல் ஏற்கப்பட்ட முறை ஒன்று. இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறை மற்றொன்று. ஆங்கில விசைகளில் விரைந்தோடும் விரல் தாய்மொழியில் தயங்குவதற்கு இதுவே காரணம். அத்தயக்கத்தைப் பிள்ளையின் மந்தம் என்று கொள்வது பெரும் பிழை. அருகிருந்து ஒருவர் சில நாள் காட்டிக்கொடுத்தால் அது தீர்ந்துவிடும்.

அந்த ஒருவர் இல்லாதவிடத்துப் பொறி என்ன செய்யும்? இதே கணினியை இலட்சக்கணக்கில் வழங்கிய பெரு நாட்டில் 319 கிராமப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. சிந்தனைத் திறன் சிறிதளவு உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயரவில்லை. அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றில் இணையத் தொடர்பும் இருக்கவில்லை.

இணையம் இன்மையின் துயரை ஊவா மலைகள் பின்னர் நேரிற் கண்டன. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021ஆம் ஆண்டில், லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் குன்றேறி, காட்டு மரமொன்றின் மேல் அமைந்த பரணில் அமர்ந்து பாடங் கேட்டனர். பெரியவர்கள் துணைக்குச் சென்றனர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கு அந்தத் துணைக்குப் போக ஒரு நாட்சம்பளத்தை இழக்க வேண்டும். லயக் காம்பராவில் பலருக்கும் பொதுவாக ஒரு கைப்பேசி மட்டுமே இருந்தால், அதனை எந்தப் பிள்ளை கொண்டுபோவது என்பது வேறொரு வழக்கு.

ஆகவே, தோட்டப் பாடசாலைக்குக் கணினி தருவோர் எத்தனை பெட்டிகள் என்று கணக்கிடும்போதே, தமிழ் விசைகளைப் பழக்கும் ஆசிரியர் எத்தனை பேர், மின்சாரம் எவ்வளவு நேரம், அலைவரிசை எம்மலை வரை என்பவற்றையும் அதே தாளில் எழுதுதல் வேண்டும். பழுதானால் திருத்துவோர் கொழும்பில் இருந்தால் போதாது. பதுளையிலேனும் ஒருவர் இருத்தல் வேண்டும்.