கடல் கடந்த படச்சீட்டுகள்

மாணவ மாணவியரே, நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு எத்துணைச் செல்வாக்கு உண்டோ, அத்துணைச் செல்வாக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் பேஸ்பால் ஆட்டத்திற்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வாட்டத்தின் வீரர் ஒருவருடைய உருவத்தை ஒரு பக்கத்திலும், அவரைப் பற்றிய குறிப்பையோ வணிக விளம்பரத்தையோ மறுபக்கத்திலும் அச்சிட்ட சிறிய அட்டைத் துண்டைப் படச்சீட்டு என்று அழைப்போம். முதலில் சிகரெட்டுப் பெட்டிகளிலும், பின்னர் மிட்டாய், சூயிங்கம் பொட்டலங்களிலும் இணைப்பாக வந்த இச்சீட்டுகள், இன்று ஏலக்கூடங்களில் பெருஞ்செல்வர் போட்டியிட்டு வாங்கும் பண்டங்களாகிவிட்டன.

எத்துணை விலை என்று கேட்பீர்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியார் வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் சீட்டு ஒன்று உண்டு. இன்று ஏறத்தாழ அறுபது படிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அதே ஆண்டில், டாப்ஸ் கம்பெனியார் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேண்டிலின் சீட்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலர் பெற்றது. அந்த 1952-ஆம் ஆண்டு வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அக்கம்பெனியின் அலுவலர் ஒருவரே பிற்காலத்தில் கூறினார். கடலுக்கு உணவான குப்பை பின்னர்க் கோடிக்கு விலையாயிற்று!

இவையெல்லாம் அமெரிக்கச் சந்தையின் செய்திகள். அச்சந்தைக்கு வெளியே, பிற நாடுகளில் பழைய சீட்டுகள் கிடைக்கின்றனவா என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் வடக்கே கனடாவுக்குச் செல்வோம். அங்கு ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த ஓ-பீ-சீ என்னும் மிட்டாய்க் கம்பெனி, டாப்ஸ் கம்பெனியின் உரிமம் பெற்று 1965 முதல் பேஸ்பால் சீட்டுகளை அச்சிட்டது. கனடா இருமொழி நாடாகையால், 1970 முதல் அவற்றின் பின்புறம் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இடம்பெற்றது. மக்கள் தொகை குறைந்த நாடாதலின் அச்சிட்ட படிகளும் குறைவே. ஆயினும் சற்றுப் பிந்தி அச்சானதில் ஒரு நன்மை விளைந்தது. நியூயார்க் மெட்ஸ் அணியின் மேலாளர் கில் ஹாட்ஜஸ் 1972 ஏப்ரல் 2-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டின் அமெரிக்கச் சீட்டில் அச்செய்தி இல்லை. கனடாச் சீட்டிலோ அவர் இறந்த நாள் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தெற்கே வெனிசுவேலாவில் 1959 முதல் 1968 வரை சில ஆண்டுகளில் டாப்ஸ் வரிசைகள் உள்ளூர்ச் சிறுவருக்கென வெளியாயின. பளபளப்பற்ற மெல்லிய தாளில் அச்சான அவற்றைச் சிறுவர் படப்புத்தகங்களில் பசை தடவி ஒட்டினர். ஆகவே, கிழியாத, கறைபடாத சீட்டு அங்கே மிக அரிது. ஜப்பானிலோ மென்கோ என்னும் தடித்த அட்டைகளில் ஆட்டக்காரர் உருவங்கள் வந்தன. ஓர் அட்டையைத் தரையில் ஓங்கி அறைந்து எதிராளியின் அட்டையைப் புரட்டுவது விளையாட்டு. மூலை மழுங்காமல் எத்தனை அட்டை எஞ்சும்?

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். அயல்நாட்டுச் சீட்டு அரிதாவதற்குக் காரணம் மூன்று: அச்சிட்டது குறைவு; தாள் மெலிவு; குழந்தைகள் அதனைக் குழந்தைகளுக்கே உரிய முறையில் பயன்படுத்தினர். ஆனால் அருமை வேறு, விலை வேறு. வேண்டுவோர் பலராயிருந்தால்தான் அரிய பொருள் விலையேறும். மேண்டிலின் 1952-ஆம் ஆண்டுச் சீட்டைவிட எண்ணிக்கையில் குறைந்த அயல்நாட்டுச் சீட்டுகள் பல, அதன் விலையில் சிறு பங்கும் பெறாமல் கிடக்கின்றன. பொருளாதாரம் பயிலும் மாணவர் இதனை நினைவில் இருத்துக.

இனி, என் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்திக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1947 வரை, அமெரிக்கப் பெருங்கழகங்களில் கறுப்பின ஆட்டக்காரருக்கு இடமில்லை. தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து அவர்கள் ஆடினர். புகையிலைக் கம்பெனியாரும் மிட்டாய்க் கம்பெனியாரும் அவர்கள் உருவத்தை அச்சிடுவதில் நாட்டம் கொள்ளவில்லை. குளிர்காலத்தில் அவ்வீரருட் பலர் கியூபாவுக்கும் போர்ட்டோ ரீக்கோவுக்கும் சென்று ஆடினர். அங்கே நிறத் தடை குறுக்கிடவில்லை. ஆகவே, ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்னும் மாவீரரின் உருவம் 1923–24-இல் கியூபாவின் பில்லிக்கன் சிகரெட்டுச் சீட்டில் காணக் கிடைக்கிறது. ஜாஷ் கிப்ஸனின் உருவம் 1950–51-இல் போர்ட்டோ ரீக்கோவில் வெளியான தோலெத்தேரோஸ் வரிசையில் இருக்கிறது. அதற்குள் அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1947 ஜனவரியில் அவர் காலமானார். அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்ஸன் பெருங்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். 2024-ஆம் ஆண்டில் கறுப்பினக் கழகங்களின் கணக்குகள் பெருங்கழகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் அடிச்சராசரியில் முதலிடம் கிப்ஸனுக்கே கிடைத்தது. சொந்த நாடு அச்சிட மறுத்த முகத்தை ஒரு சிறு தீவு ஒட்டுப்படமாகக் காத்து வைத்தது. ஒரு சீட்டு எங்கே கிடைக்கிறது என்ற வினா, ஒரு மனிதன் எங்கே நடத்தப்பட வேண்டிய முறையில் நடத்தப்பட்டான் என்ற வினாவாக இங்கே மாறிவிடுவதைக் காண்க.

இக்காலத்தில் இணையத்தின் வாயிலாக எந்நாட்டுச் சீட்டையும் எந்நாட்டிலிருந்தும் தேடலாம். வசதி வளர வளர வஞ்சனையும் வளர்ந்தது. புகழ்பெற்ற ஒரு வாக்னர் சீட்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை அதனை விற்ற வணிகர் 2013-இல் ஒப்புக்கொண்டார். ஆகவே சேகரிப்பவன் தாளையும் அச்சையும் மொழியையும் கற்றறிதல் வேண்டும். அறிவே அவனுக்குக் காவல்.

அத்தகைய அறிவுக்கு எடுத்துக்காட்டாக ஒருவரைக் கூறி முடிக்கிறேன். ஸிரக்கியூஸ் நகரத்தில் மின்கருவித் தொழிலாளியாக இருந்த ஜெஃபர்ஸன் பர்டிக், மூட்டுவாதத்தால் கை முடங்கிய நிலையிலும் மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட அச்சுத் துண்டுகளைத் திரட்டினார். அவற்றை வகைப்படுத்தும் அட்டவணையொன்றை 1939-இல் வெளியிட்டார். பின்னர் அனைத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திற்கு நன்கொடையாக அளித்து, தாமே அங்கு அமர்ந்து ஏடுகளில் ஒட்டி ஒழுங்குசெய்தார். அப்பணி முடிந்த 1963-ஆம் ஆண்டிலேயே அவர் உயிர் நீத்தார். இன்று கோடிகள் பெறும் வரிசைகளை உலகம் அவர் இட்ட குறியீடுகளாலேயே அழைக்கிறது.

தீப்பெட்டிப் படமோ, தபால் தலையோ, நீங்கள் எதனைச் சேர்த்தாலும், “இது என்ன விலை பெறும்?” என்று கேட்பதற்கு முன், “இது எங்கே அச்சாயிற்று? யாருக்காக? இதில் இடம்பெறாதவர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். சிறிய தாளும் பெரிய ஆசானாக விளங்கும்.