முதல் பக்கத்தில் எதை வைப்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தண்ணீர் லாரிக் கணக்கு வாசித்து முடிந்த பிறகு பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)

தண்ணீர்க் கணக்குக்கும் டீக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம், தப்பில்லை. மற்றவர்கள் தயவுசெய்து போனைக் கையில் எடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். பிரௌசரைத் திறங்கள்.

முதல் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டமாகவோ கட்டமாகவோ எட்டு பத்து தெரிகிறதா? அதில் எத்தனை நீங்கள் வைத்தது? என் போனில் போன மார்ச் வரைக்கும் ஒன்றுகூட நான் வைத்தது இல்லை. ஒரு கிரிக்கெட் ஸ்கோர், பையன் எப்போதோ திறந்த விளையாட்டு, எதற்காகப் போனேன் என்றே நினைவில்லாத ஒரு செருப்புக் கடை. அதற்குக் கீழே நான் கேட்காத நடிகர் செய்தி.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. 22 வருஷம் ஸ்டோர்ஸ் வேலை. ஃபைவ் எஸ் என்றால் இங்கே பாதிப் பேருக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த ரேக், எந்த பின் என்று எழுதி வைத்து, ஸ்பேனருக்குக்கூடப் பலகையில் அதன் உருவத்தை வரைந்து மாட்டுகிறோம். ஆடிட் வந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவேன். அப்படிப்பட்டவன், என் பணம் போய் வருகிற போனில் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குத் தண்டம் கட்டியது என் மனைவி.

அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மார்ச்சில் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் புக் ஆகவில்லை. நான் டூட்டியில். அவள் கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்துத் தேடியிருக்கிறாள். முதலில் வந்த பக்கத்தில் அதே லோகோ, அதே நிறம், ஒரு நம்பர். கூப்பிட்டதும் நல்ல தமிழில் பேசினான். பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னான், உதவிக்கு என்று ஒரு ஆப் ஏற்றச் சொன்னான். அந்த ஆப் இவள் திரையை அப்படியே அவனுக்குக் காட்டுகிற ஆப். பதினைந்து நிமிஷத்தில் 18,400 ரூபாய் போய்விட்டது. உடனே 1930-க்கு அடித்தோம். சைபர் மோசடிக்கு நாடு முழுக்க அந்த ஒரே நம்பர்தான். பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு பகுதி நிறுத்தப்பட்டது, மிச்சம் வரவில்லை.

என்னைக் கேட்டால் அவள் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. தேடினாள், முதலில் வந்ததைத் தொட்டாள். நாம் எல்லோரும் செய்வது அதுதான். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். அது காசு கொடுத்து வாங்கிய இடம். பக்கத்தில் ஸ்பான்சர்டு என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், அவசரத்தில் யார் பார்க்கிறோம்? அதனால் பணம், அடையாள அட்டை சம்பந்தப்பட்ட எதையும் இனிமேல் தேடிப் போகாதீர்கள். ஒரே ஒரு முறை சரியான முகவரியைக் கண்டுபிடித்துப் பூட்டி வையுங்கள், அப்புறம் அந்த வழியாகவே போங்கள். புக்மார்க் என்பது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்தோமே, அந்த வேலை. குட்டி மட்டும் போடாது.

ஆனால் போலிப் பக்கத்தைப் புக்மார்க் செய்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் நேராகப் போலிக்கே போவோம். அதனால் முதல் தடவை முகவரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். வங்கி பாஸ்புக், ஏடிஎம் கார்டின் பின்பக்கம், கேஸ் புத்தகம், பழைய ரசீது, இவற்றில் அச்சடித்திருக்கும். அதை விரலால் டைப் செய்யுங்கள். பிறகு முகவரியின் வாலைப் பாருங்கள். முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது? அரசுத் துறை என்றால் பெரும்பாலும் ஜிஓவி புள்ளி இன். பாஸ்போர்ட்இந்தியா.ஜிஓவி.இன் என்பதுதான் பாஸ்போர்ட்டுக்கு. இதே சாயலில் பல போலித் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்குகின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. நடுவில் எங்கேயாவது ஜிஓவி என்று செருகி, வாலில் டாட் காம் என்று முடிந்தால் அது அரசு இல்லை. விதிவிலக்கும் உண்டு. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி அரசு நிறுவனம்தான், ஆனால் வால் சிஓ.இன்.

வங்கிகளுக்கு இப்போது தனி வால் வந்துவிட்டது. பேங்க் புள்ளி இன். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டு, அந்த வருஷம் அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று சொன்னது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த வால் கிடைக்காது. அதனால் உங்கள் பழைய வங்கி புக்மார்க்கை இன்றைக்கே திறந்து பாருங்கள். புது முகவரிக்குத் தானாகப் போனால், அங்கே வைத்து மறுபடி சேமித்துவிட்டுப் பழையதை அழியுங்கள். மின்வாரியமும் அப்படித்தான். 2010-இல் டான்ஜெட்கோ ஆனது, 2024-இல் அதுவும் பிரிந்து, நாம் பில் கட்டுவது இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு. பெயர் மாறும்போது இணைய முகவரியும் மாறியது. நம்மில் பலர் போனில் இன்னும் பழையதுதான் இருக்கும்.

சரி, எப்படி வைப்பது? ஆண்ட்ராய்டில் குரோம் வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் தெரியும். அதைத் தொட்டால் புக்மார்க். உடனே எடிட்டுக்குள் போய்ப் பெயரை மாற்றுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பெயர் முக்கால் முழம் நீளம், பாதியில் வெட்டித்தான் தெரியும். "கரண்ட் பில்" என்று தமிழிலேயே போடலாம். அதே மூன்று புள்ளியில் ஹோம் ஸ்கிரீனில் சேர் என்பதும் இருக்கும். அது போனின் முதல் திரையிலேயே ஆப் மாதிரி ஒரு படத்தை வைத்துவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். தேடும் பெட்டிக்கே அவர்கள் போக வேண்டாம்.

குரோமின் முதல் பக்கத்தில் தெரிகிற கட்டங்கள் வேறு கதை. நாம் அடிக்கடி போகிற இடங்களைப் பார்த்து அதுவாக அடுக்குகிறது. வேண்டாததை அழுத்திப் பிடித்து நீக்கலாம், ஆனால் காலியான இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். ஹிஸ்டரியை அழித்தால் கட்டங்களும் கலைந்துவிடும். கடைசியில் கூட்டல் குறி தெரிந்தால் உங்கள் பதிப்பில் நீங்களே சேர்க்க முடியும். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை நம்ப வேண்டாம், புக்மார்க்கை நம்புங்கள். கீழே வரும் செய்திக் குப்பையை அங்கேயே பக்கத்தில் இருக்கும் அமைப்பில் நிறுத்திவிடலாம். எனக்கு அதுவே பாதி நிம்மதி.

ஃபயர்பாக்ஸில் மூன்று புள்ளிக்குள் ஷார்ட்கட்டில் சேர் என்று போட்டால் முதல் பக்கத்தில் பின் குத்தினது போல நிற்கும், நகராது. சாம்சங் போனில் வரும் பிரௌசரில் அதன் பெயர் குயிக் ஆக்சஸ். ஐபோனில் ஷேர் பொத்தானுக்குள் ஃபேவரிட்ஸில் சேர். பெயர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. 1993-இல் மொசைக் பிரௌசர் இதை ஹாட்லிஸ்ட் என்றது, பிறகு நெட்ஸ்கேப் புக்மார்க் என்றது, மைக்ரோசாப்ட் ஃபேவரிட்ஸ் என்றது. வேலை ஒன்றுதான்.

ஒரு பழைய வேதனையையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் முன்பு யூசி பிரௌசர் வைத்திருந்தோம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களுக்குத் தடை போட்டபோது அதுவும் போனது. அதில் சேர்த்து வைத்ததெல்லாம் என்ன ஆனது? எனக்குப் போயே போய்விட்டது. அதனால் பிரௌசரில் உங்கள் கணக்கோடு உள்நுழைந்து சிங்க் போட்டு வையுங்கள். போன் தொலைந்தாலும் புது போனில் வந்துவிடும். ஆனால் குடும்பத்தில் எல்லோரும் ஒரே கணக்கு வைத்திருந்தால் பையனின் புக்மார்க்கும் உங்கள் தலையில் வந்து விழும், பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியைச் சேமிக்கும்போது உள்ளே நுழைந்த பிறகு இருக்கும் பக்கத்தைச் சேமிக்காதீர்கள். அது மறுநாள் திறக்காது. வாசல் பக்கத்தைச் சேமியுங்கள்.

இப்போது என் போனில் இருப்பது ஏழு. வங்கி, கரண்ட், கேஸ், ஐஆர்சிடிசி, பட்டா சிட்டா பார்க்கிற ஈசர்வீசஸ். நிலம் வாங்கிப் போட்டிருப்பவர்கள் பத்திரப்பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட்டையும் சேருங்கள், வில்லங்கம் பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மிச்சம் இரண்டும் நம் ஊருக்கானவை. ஒன்று சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவரப் பக்கம். பூண்டி, புழல் வரிசையில் நம் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் அதில் தினமும் வரும். 2020 நவம்பரில் திறந்தது, முழுக் கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிவிட்டது, திறக்கப் போகிறார்கள் என்று நம் குரூப்பில் இரவு பன்னிரண்டு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும் பாருங்கள், அப்போது இந்தப் பக்கத்தைத் தொட்டு அன்றைய இருப்பைப் பாருங்கள், பிறகு பரப்புங்கள். இன்னொன்று காற்று. கும்மிடிப்பூண்டியில் காற்றுத் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது, அதன் எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கத்தில் பார்க்கலாம். நம் மொட்டை மாடியில் வீசும் காற்றை அது அப்படியே சொல்லிவிடாது, தூரம் இருக்கிறது. ஆனாலும் இருமல் வருகிற பிள்ளையை மாலையில் விளையாட அனுப்பலாமா என்று யோசிக்கும்போது ஒரு எண் கையில் இருப்பது நல்லது.

டீ வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நான் லிஃப்ட் பக்கத்து மேசையில் ஒரு மணி நேரம் இருப்பேன். பெரியவர்கள் கண்ணாடியையும் வங்கி பாஸ்புக்கையும் எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு முகவரி மட்டும் போதும். என் மனைவியும் உட்காருவாள். அவள் என்னைவிட வேகமாகச் செய்து கொடுப்பாள்.