கோரிக்கைப் பட்டியலில் கடைசி இடம் யாருக்கு?

(பல்கலைக்கழக ஆசிரியரல்லாப் பணியாளர் சங்கப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலை முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். சென்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அன்று 14 கோரிக்கைகள் வைத்தோம். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும் என்பது 14ஆவது. மூன்றாம் சுற்றில் பதிவாளர் சொன்னார்: "அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்ல, ஒப்பந்ததாரரின் ஆட்கள். அதை விட்டால் மற்றதை இன்றே முடிக்கலாம்." வெளியே வந்து தேநீர் குடித்தோம். உள்ளே போய் விட்டுக்கொடுத்தோம். பதவி உயர்வும் பண்டிகை முன்பணமும் கிடைத்தன. நீங்கள் மாலை போட்டீர்கள்.

மறுநாள் காலை எங்கள் பிரிவைக் கூட்ட வந்த அம்மா கேட்டார்: "எங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

"அடுத்த முறை பார்க்கலாம்மா" என்றேன்.

என் அம்மா இதே வளாகத்தில் கழிவறை கழுவியவர். அப்போது அது நிரந்தர வேலை. பணியில் இருக்கும்போதே இறந்தார். கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. இன்றும் எங்கள் சேரிப் பெண்கள்தான் அதே வேலையைச் செய்கிறார்கள். வேலை மாறவில்லை, செய்கிற சாதியும் மாறவில்லை. பாதுகாப்பு மட்டும் பறிபோய்விட்டது. இதை அறிந்தும் கையெழுத்திட்டேன்.

நம் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவியர் பேருந்து ஓட்டியவர் வேலைநீக்க இழப்பீடு கேட்டார். 1963இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கல்வி தருபவர்கள் ஆசிரியர்கள், மற்றவர்களின் பங்கு சிறியது, ஆகவே பல்கலைக்கழகம் 'தொழில்' ஆகாது என்றது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளிய பிறகுதான் தொழில் தகராறு சட்டம் நமக்கும் பொருந்தியது. 'உன் வேலை சின்ன வேலை' என்று சொல்லி நம்மை 15 ஆண்டுகள் வெளியே நிறுத்தினார்கள். அதே சொல்லை நாம் துப்புரவுப் பணியாளர்களிடம் சொல்லலாமா?

பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும், தீட்டாகிவிடும் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். தொழிலாளர் ஒற்றுமை பேசியவர்கள் இதை ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டார் அண்ணல் அம்பேத்கர். அந்தக் கேள்வி இந்த அரங்கத்துக்கும் உரியது.

"அவர்களைச் சேர்த்தால் நம் ஒப்பந்தம் தாமதமாகும்" என்கிறார்கள். ஆகலாம். ஆனால் முதலில் துப்புரவு போனது, அடுத்து காவல், பிறகு தோட்டம். இப்போது கணினி இயக்குபவர்களும் ஒப்பந்ததாரர் மூலம் வருகிறார்கள். எழுத்தர் நாற்காலி எத்தனை நாள் தங்கும்?

மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். 14ஆவது கோரிக்கை முதல் கோரிக்கையாக வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுவில் துப்புரவுப் பணியாளர்கள் இருவர், அதில் ஒருவர் பெண், இடம்பெற வேண்டும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் யாரும் கையெழுத்திடக் கூடாது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970லேயே சட்டம் வந்துவிட்டது. 'எங்கள் ஊழியர்களே அல்ல' என்று பதிவாளர் மீண்டும் சொன்னால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம்.

அந்த அம்மா இன்றும் எங்கள் பிரிவைக் கூட்டுகிறார். இந்த முறை அவர் கேட்பதற்கு முன் நானே போய்ச் சொல்ல விரும்புகிறேன். தீர்மானத்தை ஆதரியுங்கள்.