ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும்: நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை



வெள்ளி விழா மேடையில் சமுதாய முன்னேற்றத்தைப் பற்றிப் பேசாமல், ஆங்கில இலக்கணத்தின் ஒரு மூலையில் கிடக்கும் பொருளைப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் எண்ணக்கூடும். முன்னேற்றத்தைப் பற்றி எனக்குப் பின்னே வரும் சான்றோர்கள் சிறப்பாகப் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. 'சைல்ட்' என்னும் சொல்லுக்குப் பன்மை 'சைல்ட்ஸ்' என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

வழக்கமாக நடப்பது யாவரும் அறிந்ததே. வகுப்பு சிரிக்கும். ஆங்கிலம் அறிந்த பெற்றோர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு அன்று மாலையோடு மறந்துபோகும். வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொட்ட நம் பிள்ளைக்கு அவ்வாறு மறப்பதில்லை. அந்தச் சிரிப்பு அவன் குடியிருக்கும் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பிறகு அவன் வாயைத் திறப்பதில்லை. விடை தெரிந்த நாளிலும் கையை உயர்த்துவதில்லை. ஒரு சொல்லின் பன்மைக்காக ஒரு பிள்ளையின் ஆங்கிலம் முழுவதும் போய்விடுகிறது.

நம் முன்னோர் ஆங்கிலத்தைப் பகட்டுக்காகக் கேட்கவில்லை. மராட்டியத்தில் சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியிலேயே ஆங்கிலம் கற்க அழைக்கும் பாடல் உண்டு. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமைகளைக் கேட்டார். தொழிலால் பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. இராஜா, ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை 1925இல் ஆங்கில நூலாகவே எழுதி வெளியிட்டார். அவர்கள் கைக்கொண்ட கருவி அது. அதை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கும்போது, கை நடுங்காத வகையில் கொடுக்க வேண்டும்.

இப்போது 'சைல்ட்ஸ்' என்ற விடையை ஆராய்வோம். அப்படிச் சொன்ன பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது? ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்க ஆங்கிலத்தில் இறுதியில் 'எஸ்' ஒலி சேர வேண்டும் என்னும் விதி தெரிந்திருக்கிறது. 'சைல்ட்ஸ்' என்ற சொல்லை ஒரு பாட நூலும் அவனுக்குக் காட்டியதில்லை. அதைக் கேட்டு ஒப்பிக்கவில்லை. விதியைக் கொண்டு அவனே படைத்தான். 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க அறிஞர் இதனைச் சோதித்துக் காட்டினார். உலகில் இல்லாத ஒரு சிற்றுயிரின் படத்தை வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயரிட்டு, சிறு பிள்ளைகளிடம் ஒன்றைக் காட்டினார். பிறகு இரண்டைக் காட்டி, இவை என்ன என்று வினவினார். பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும், முதலில் 'ஃபீட்' என்று சரியாகச் சொல்லி, பிறகு விதி பிடிபட்டதும் 'ஃபுட்ஸ்' என்று சொல்லத் தொடங்கி, மீண்டும் 'ஃபீட்' என்பதற்கு வருவதுண்டு. நடுவில் வரும் பிழை வளர்ச்சியின் அடையாளம். வெள்ளைக்காரப் பிள்ளை செய்தால் வளர்ச்சி, நம் தெருப் பிள்ளை செய்தால் மந்தம் என்று கொள்வது எந்த நியாயம்?

நம் பிள்ளைக்கு இதற்கு முன்பே வேறொரு தடை உண்டு. அவன் 'டூ புக்' என்று சொல்லி நின்றுவிடுவான். அது அறியாமையன்று, தமிழ். நம் ஊர்க் கோயிலுக்கு ஒன்பது கோபுரம் என்கிறோம். கிழக்கே உள்ள இராஜகோபுரம் 217 அடி உயரம் என்கிறோம். கார்த்திகைத் தீபச் சந்தையில் இரண்டு மாடு வாங்கினார் என்கிறோம். எண் முன்னே நின்றால் 'கள்' தேவையில்லை. அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணமே கூறும். ஆகவே ஆங்கிலத்தில் எண் முன்னே நின்றாலும் விகுதி வேண்டும் என்பதை முதலில் பொறுமையாகப் பழக்குங்கள். அது படியாத பிள்ளையிடம் விதிவிலக்குகளைக் கொட்டுவது, நடை பழகாதவனை மலை சுற்ற அனுப்புவது போலாகும்.

அது படிந்தபின், விதிவிலக்குகளில் எதை முதலில் எடுப்பது? மாறாமல் நிற்கும் சொற்களை எடுங்கள். செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்', மானைக் குறிக்கும் 'டீர்', மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' ஆகியவை ஒன்றானாலும் நூறானாலும் பொதுவாக அப்படியே நிற்பவை. ஐந்து ஆடு மேய்ந்தது என்று பேசும் பிள்ளைக்கு இவை தன் வீட்டுச் சொற்கள் போலத் தோன்றும். கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் புள்ளிமான் பார்த்த பிள்ளைகள் நம்மிடையே பலர். அங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்தது உள்ளே உயிரொலி மாறும் சொற்கள். பிள்ளைகளுக்குத் தேவையானவை ஏழே ஏழு. மேன், மென், வுமன், விமின், ஃபுட், ஃபீட், டூத், டீத், கூஸ், கீஸ், மவுஸ், மைஸ், லவுஸ், லைஸ். ஆண், பெண், பாதம், பல், வாத்தினத்துப் பறவை, எலி, பேன் என்பன இவற்றின் பொருள். நம் பிள்ளைகள் அதிகம் பார்த்திராதது 'கூஸ்' ஒன்றுதான். பேனை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை!

இந்த ஏழில் இரண்டு இடங்களில் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். 'மேன்' என்று நாம் எழுதும் சொல்லில் உள்ள உயிரொலி நம் நெடுங்கணக்கில் இல்லை. 'மென்' என்பதில் உள்ளது ஏறத்தாழ நம் எகரமே. ஆகவே நம் பிள்ளையின் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். எழுதச் சொல்வதற்கு முன், வாயை அகலத் திறந்து ஒன்றையும், சிறிது குறைத்து மற்றொன்றையும் பலமுறை ஒலித்துக் காட்டி, ஒருமையாயின் ஒரு விரலும் பன்மையாயின் ஐந்து விரலும் காட்டச் சொல்லுங்கள். 'வுமன்' என்பதில் வேடிக்கை வேறு. எழுத்தில் மாறுவது பின்னசை. 'ஏ' இருந்த இடத்தில் 'ஈ' வருகிறது. காதில் பெரிதாக மாறுவதோ முன்னசை. 'வு' என்பது 'வி' ஆகிறது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் எழுத்துக் கூட்டச் சொன்னால் பிள்ளை தடுமாறத்தான் செய்வான்.

கீரியைக் குறிக்கும் 'மங்கூஸ்' என்பதற்குப் பன்மை 'மங்கீஸ்' என்று ஒரு பிள்ளை கூறுமாயின், மிகுந்த அறிவுள்ள பிள்ளை என்று பாராட்டுங்கள். பிறகு, அச்சொல் மராத்தியிலிருந்து ஆங்கிலத்திற்குப் போனது, 'கூஸ்' என்பதற்கு உறவினன் அல்லன், ஆதலால் 'மங்கூசஸ்' என்றே வரும் என்று விளக்குங்கள்.

'ஃபுட்' ஏன் 'ஃபீட்' ஆயிற்று என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் அதன் பன்மை இறுதியில் ஓர் இகர ஒலி இருந்தது. அவ்விகரம் முன்னசையின் ஓகாரத்தைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டுத் தான் தேய்ந்து மறைந்தது. மாறிய உயிரொலி மட்டும் நின்றது. இதைப் போன்றதொன்று நம் தெருவிலேயே நடக்கிறது. குடத்தைக் 'கொடம்' என்கிறோம், இலையை 'எல' என்கிறோம். பின்னசை உயிர் முன்னசை உயிரைத் தன் பக்கம் இழுப்பதே இங்கும் காரணம். எதைக் கொச்சை என்று பள்ளியில் பழித்தார்களோ, அதனை ஒத்த இயல்பினால்தான் ஆங்கிலேயனின் 'ஃபீட்' பிறந்தது. இதை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி 'சில்ட்ரன்'. பழைய ஆங்கிலத்தில் 'சில்ட்ரு' என்றே ஒரு பன்மை இருந்தது. அது போதாதென்று பிற்காலத்தார், எருதுகளைக் குறிக்கும் 'ஆக்ஸன்' என்பதில் உள்ள 'அன்' விகுதியையும் அதன்மேல் ஏற்றினார்கள். பன்மைக்கு மேல் பன்மை. நாமும் அதையே செய்தோம். 'அவர்' என்பதே பலர்பால். அதன்மேல் 'கள்' ஏற்றி 'அவர்கள்' என்றோம். தொல்காப்பியத்தில் அஃறிணைக்கு உரியதாயிருந்த 'கள்' இவ்வாறு உயர்திணைக்கு ஏறிய வடிவம் திருக்குறளிலேயே உண்டு. ஆகவே 'சில்ட்ரன்ஸ்' என்று மேலும் ஒரு விகுதி ஏற்றும் பிள்ளையிடம், "தம்பி, அங்கே ஏற்கனவே இரண்டு மூட்டை ஏற்றியாயிற்று, மூன்றாவது வேண்டாம்" என்று சொன்னால் போதும். தமிழிலும் 'நான்' என்பதற்கு 'நான்கள்' இல்லை, 'நாங்கள்' என்பதையும் காட்டுங்கள். நாள்களா நாட்களா என்று தமிழாசிரியர்களே இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்!

'லீஃப்', 'லீவ்ஸ்' போலவும், 'நைஃப்', 'நைவ்ஸ்' போலவும் இறுதி ஒலி மாறுவன பத்துப் பன்னிரண்டு உண்டு. கூரையைக் குறிக்கும் 'ரூஃப்' அவ்வாறு பெரும்பாலும் மாறாது. இவற்றைப் பழக்கத்தினால் அன்றி விதியினால் பிடிக்க இயலாது; வாரம் இரண்டாகப் பழக்கலாம். இலத்தீன், கிரேக்கச் சொற்களின் பன்மைகளை உயர்நிலை வகுப்புக்கு விட்டுவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை வேண்டா.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டியலை எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு பாதம், இரண்டு பாதம், ஒரு பல், பல பற்கள் என்று பிள்ளைகளையே வரையச் செய்து, சீட்டுகளாக்கி விளையாட விடுங்கள். பிழையாகச் சொன்னவனைத் 'தப்பு' என்று நிறுத்தாமல், அவன் சொன்ன வாக்கியத்தையே சரியான சொல்லோடு திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள். பக்கத்துப் பிள்ளை சிரித்தால், சிரித்தவனை எழுப்பி, 'மங்கூஸ்' என்பதற்குப் பன்மை கேளுங்கள்.